டிப்ஸ் வருதுல்ல

பதவி உயர்வு கிடைத்து, அதனாலேயே சம்பளம் குறைந்த ஒரே ஆள் இந்தப் பெரம்பலூரில் நானாகத்தான் இருப்பேன். வேறு யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள், சேர்ந்து உட்கார்ந்து திட்டலாம்.

நாலு ரோட்டிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு சைவ ஓட்டல். பெயர் எதற்கு, முதலாளிக்கு ஓசி விளம்பரமா? அங்கே மூன்று வருடம் உள்வேலை பார்த்தேன். வெங்காயம் உரிப்பது, தேங்காய் துருவுவது, கீரை ஆய்வது, மாவாட்டிய கிரைண்டரைக் கழுவுவது. நாளைக்கு நானூற்று ஐம்பது ரூபாய், மாதக் கடைசியில் மொத்தமாகக் கையில் வரும். வாலிகண்டபுரத்தில் விடியுமுன்னே பஸ் ஏறினால் ஆறு மணிக்கு ஓட்டலில் இருப்பேன். சாயங்காலம் நாலு மணிக்கு விடுதலை. பொம்பளைகளுக்கு டிக்கெட் கிடையாது என்பதால் சில கண்டக்டர்கள் எங்களை ஏதோ அவர்கள் வீட்டுச் சோற்றைத் தின்ன வந்தவர்களைப் போலப் பார்ப்பார்கள். அது வேறு சண்டை, இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.

ஒரு நாள் முதலாளி கல்லாவிலிருந்து எழுந்து அடுப்படிக்கே வந்துவிட்டார். சாதாரணமாக வரமாட்டார், சட்டை அழுக்காகிவிடும். இரண்டு சப்ளையர் பையன்கள் சொல்லாமல் கொள்ளாமல் திருப்பூருக்குப் போய்விட்டார்களாம்.

“ஏம்மா, நீ வெளிய சப்ளைக்கு வந்துடறியா? ஃபேமிலியா வர்றவங்க லேடீஸ் சப்ளைன்னா விரும்புறாங்க.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. வெளியே என்றால் ஃபேன் காற்று. வெளியே என்றால் மனுச முகம். மூன்று வருடமாக வெங்காயத்தைப் பார்த்து அழுதுகொண்டிருந்தவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? மெரூன் கலரில் இரண்டு புடவை கொடுத்தார். அந்த ஓட்டலில் டேபிளுக்குத் தட்டு கொண்டுபோன முதல் பொம்பளை நான்தான். இரண்டு நாளில் டேபிள் நம்பரெல்லாம் மனப்பாடம். கையில் நாலு தட்டு அடுக்கிக்கொண்டு போகவும் பழகிவிட்டேன். அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிற என் வீட்டுக்காரர் வாரத்துக்கு இரண்டு நாள்தான் வீட்டுக்கு வருவார். அவரிடம் போனில் சொன்னபோது “அட, சப்ளையரம்மா!” என்றார். அந்த மாதம் முழுக்க எனக்கு அதே பேர்தான்.

மாதக் கடைசியில் கவரைப் பிரித்து எண்ணினேன். பத்தாயிரத்து நானூறு. மறுபடி எண்ணினேன். பணத்தாள் ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று எச்சில் தொட்டு ஒருதரம் எண்ணினேன். வழக்கமாக இருபத்தாறு நாளைக்குப் பதினோராயிரத்து எழுநூறு வரவேண்டும். ஆயிரத்து முந்நூறு குறைந்தது.

“சார், கணக்கு தப்பாயிருக்குங்க.”

“தப்பில்லம்மா. சப்ளையர் சம்பளம் நானூறு. உள்ள வேலை பாக்கறவங்களுக்கு டிப்ஸ் கிடையாது, அதனால நானூத்தி அம்பது. ஒனக்கு டிப்ஸ் வருதுல்ல?”

இதை ரொம்ப நியாயமான விஷயம் போல, வடை சூடா இருக்கு என்று சொல்வது போலச் சொன்னார். முதலாளி கெட்டவர் இல்லை. யாருக்காவது காய்ச்சல் என்றால் அவரே மாத்திரை வாங்கிக் கொடுப்பார். காசு விஷயத்தில் மட்டும் அவருக்குக் காது கொஞ்சம் மந்தம்.

அந்த ஆயிரத்து முந்நூறு எனக்கு வெறும் ரூபாய் இல்லை. அது என் மகளின் ஸ்கூல் வேன். ஏழாவது படிக்கிறாள். நான் இருட்டோடு கிளம்பிவிடுவேன், அவளை யார் கொண்டுபோய் விடுவது? வேன் வந்து வாசலில் ஹாரன் அடித்தால் பூட்டைப் போட்டுவிட்டு ஏறிவிடுவாள். மாதம் சரியாக ஆயிரத்து முந்நூறு. வேன்காரர் வேறு, “அக்கா, அடுத்த மாசமும் இழுத்தீங்கன்னா சீட்ட வேற புள்ளைக்குக் குடுத்துருவேன், கோச்சுக்காதீங்க” என்று மரியாதையாகவே சொல்லிவிட்டார். மரியாதையாகச் சொன்னால் திட்டவும் முடிவதில்லை.

திரும்ப உள்ளே போய்விடலாம் என்றால் என் இடத்தில் வேறொரு அம்மா உட்கார்ந்து என்னைவிட வேகமாக வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். சரி, டிப்ஸ் வருதுல்ல என்கிறாரே, அது எங்கேதான் வருகிறது என்று பார்த்துவிடுவோம் என்று புடவையை இழுத்துச் செருகிக்கொண்டேன்.

பார்த்தால், அது அண்ணன் பையில் இருந்தது.

அண்ணன் என்றால் எங்கள் சீனியர் சப்ளையர். ஐம்பது தாண்டியவர். அந்த ஓட்டலில் இருபத்திரண்டு வருடம். முதலாளியே அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவார். என்ன இருக்கு என்று ஆள் கேட்டு வாயை மூடுவதற்குள் இட்லி பொங்கல் வடை பூரி, தோசையில் சாதா ரோஸ்ட் ஆனியன் பொடி நெய் என்று ஒரே மூச்சில் ஒப்பித்துவிடுவார். யாருக்குச் சர்க்கரை கம்மி, யாருக்கு டிகாக்‌ஷன் தூக்கல் எல்லாம் அவருக்கு மனப்பாடம். பாக்கி நூறு ரூபாய் என்றால் அதை ஒரே தாளாகக் கொண்டுவரவே மாட்டார். பத்துப் பத்தாக மாற்றி, சோம்புத் தட்டில் விசிறி போல விரித்து வைப்பார். அதில் ஒன்றை விட்டுவிட்டுப் போகிறவனுக்குக் கை கூசாதாம். நாலு மணிக்குக் கிளம்பும்போது சட்டைப் பையைத் தட்டுவார், கலகல என்று சில்லறை பேசும்.

“பொண்ணு கல்யாணத்துக்கு மண்டபச் செலவு பூரா டிப்ஸுதான் தங்கச்சி. சம்பளம்லாம் நமக்கு ஊறுகாய் மாதிரி” என்பார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் போட்ட இலை, நான் ஊற்றிய சாம்பார், நான் மூன்று தரம் ஓடிப்போய்க் கொண்டுவந்த ரசம். கடைசியில் பில் தட்டை மட்டும் அண்ணன் நாசூக்காகக் கொண்டுபோய் வைப்பார். எப்போதாவது யாராவது விட்டுப்போகிற பத்து ரூபாய் அவர் பைக்குப் போகும். கேட்டால், “பில்லு வைக்கிற கைக்குத்தான் டிப்ஸு. இது ஓட்டல் வழக்கம் தங்கச்சி, நானா வச்சேன்?” என்றார்.

“அப்ப மாவாட்டுன கைக்கு என்னண்ணே வழக்கம்?” என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார். நான் விடவில்லை. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள், எனக்கு அது ஒன்றுதான் வாய்த்திருக்கிறது. முதலாளியிடம் போய், என் டேபிளுக்கு நான்தான் பில் வைப்பேன் என்று கறாராகச் சொன்னேன். அவருக்கு இதில் செலவில்லை, அதனால் உடனே சரி என்றுவிட்டார்.

முதல் நாள் அண்ணனைப் போலவே பத்துப் பத்தாகப் பாக்கியை விரித்து வைத்தேன். ஆள், அரியலூர் சிமெண்ட் ஃபேக்டரிக்கு லாரி விடுகிறவர். வெள்ளைச் சட்டை, விரலில் இரண்டு மோதிரம். இரண்டு பேர் சாப்பாட்டை ஒருவராகச் சாப்பிட்டிருந்தார். எல்லாப் பத்தையும் எடுத்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு, இருபது ரூபாயாக ஒன்றை உருவினார். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார், கழுத்துத் தாலியைப் பார்த்தார், இருபதைத் திரும்பப் பர்ஸில் செருகிக்கொண்டார். இரண்டு கையையும் கூப்பினார்.

“சாப்பாடு அருமைங்கம்மா. எங்கம்மா கையால சாப்பிட்ட மாதிரி இருந்துச்சு.”

அம்மா கையால் சாப்பிட்டுவிட்டு யாராவது டிப்ஸ் வைப்பார்களா? அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன்.

அடுத்த நாள் ஒரு குடும்பம். கணவர் மனைவியிடம் பத்து ரூபாயை நீட்டி, “நீ குடு, நான் குடுத்தா நல்லாருக்காது” என்று மெதுவாகச் சொன்னது எனக்கே கேட்டது. அந்த அம்மா என்னைப் பார்த்து அழகாகச் சிரித்தார், பத்தை வாங்கித் தன் பர்ஸில் போட்டு ஜிப்பை இழுத்துக்கொண்டார். போயிட்டு வரேன்க்கா என்றும் சொல்லிவிட்டுப் போனார். போயிட்டு வாங்க மகராசி என்று அனுப்பிவைத்தேன், வேறென்ன செய்ய?

இப்படியே ஒவ்வொரு நாளும். ஆம்பளை சப்ளையருக்குப் பத்து ரூபாய் வைத்தால் அது டிப்ஸ். பொம்பளைக்கு வைத்தால் ஏதோ தப்பு அர்த்தம் வந்துவிடுமோ என்று எல்லோருக்கும் பயம். நல்ல மனுசர்கள்தான், நல்ல மனுசர்களாக இருப்பதுதான் என் தலைவலி. அக்கா என்றார்கள், அம்மா என்றார்கள், தங்கச்சி என்றார்கள். இந்த உறவு முறையெல்லாம் சேர்ந்து எனக்கு நாளைக்கு ஐம்பது ரூபாய் நஷ்டம். வாங்கின கும்பிடுகளை எல்லாம் மூட்டை கட்டியிருந்தால் ஒரு லாரி நிறைந்திருக்கும்.

பத்து நாள் கழித்து ஒரு மத்தியானம், ஆண்டிமடத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. எட்டுப் பேர். இங்கே பெண் பார்க்க வந்து, பார்த்த பெண்ணும் பிடித்துப்போய், சந்தோஷத்தில் பசியோடு உட்கார்ந்தார்கள். எட்டு சாப்பாடு, எட்டு காபி. மாப்பிள்ளையின் அத்தை போல ஒரு அம்மா, நல்ல கலகலப்பு. நான் அப்பளம் கூட வைத்தேன், பாயசம் இரண்டாம் தரம் ஊற்றினேன். பில் ஆயிரத்து நூற்று அறுபது. அந்த அம்மா கல்லாவுக்குப் போய் போனை நீட்டி ஸ்கேன் செய்தார். திரும்பி என்னைப் பார்த்து, “ஒனக்கும் நூறு ரூவா சேத்துப் போட்டுருக்கேன் கண்ணு. எங்க வூட்டுக்கு மருமவ வர்றா, நீயும் சந்தோஷமா இரு” என்றார்.

கல்லாவின் மேல் இருக்கும் குட்டி ஸ்பீக்கர் பெட்டி உடனே கத்தியது: “ஆயிரத்து இருநூற்று அறுபது ரூபாய் பெறப்பட்டது!”

ஓட்டல் முழுக்கக் கேட்டது. எனக்கு வந்த முதல் டிப்ஸை ஊரே கேட்டது. நான் கையைத் துடைத்துக்கொண்டு கல்லாவுக்குப் போய் நின்றேன்.

“சார், அந்த நூறு ரூபா?”

“அது பேங்க்ல போயிடுச்சேம்மா. பேங்க்ல விழுந்தா அது கடைக் காசு. கணக்குல வந்துடும், வரிக்காரங்க கேப்பாங்க.”

சாமி வரம் கொடுத்தும் பூசாரி கொடுக்கவில்லை. அது கூடப் பரவாயில்லை. அடுத்து ஒன்று சொன்னார் பாருங்கள், அங்கேதான் எனக்கு உச்சி காய்ந்தது.

“நான் சொன்னேன்ல? டிப்ஸ் வருதுல்ல? இப்ப நானே என் காதால கேட்டேன். ஒரே டேபிளுக்கு நூறு ரூபா! இதுல சம்பளம் கொறச்சல்னு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கற.”

அடி ஆத்தி! கொடுத்த காசும் அவரிடமே, கொடுத்ததற்குச் சாட்சியும் அவரே, தீர்ப்பும் எனக்கு எதிராகவே. கோபத்தில் எனக்கு வாய் முந்திக்கொண்டது. டேபிளில் ஆட்கள் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை.

“அப்படிங்களா சார்? அப்ப ஒண்ணு பண்ணுங்க. ஒண்ணாந்தேதியிலேர்ந்து எனக்கு வர்ற டிப்ஸ் பூராவும் நீங்களே எடுத்துக்குங்க. ஒத்த ரூவா நான் தொடமாட்டேன். எனக்குப் பழையபடி நானூத்தி அம்பது குடுங்க.”

முதலாளி விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். அவர் கண்ணுக்குள் நூறு ரூபாய்கள் வரிசையில் வந்து நிற்பது எனக்கே தெரிந்தது. “பின்னாடி பேச்சு மாறக் கூடாது” என்றார். “நீங்க மாறாம இருங்க, அது போதும்” என்றேன். ஒரு காலி ஊறுகாய் டப்பாவைக் கழுவித் துடைத்துக் கல்லாவின் ஓரத்தில் வைத்தார். என் தட்டில் எது மிஞ்சினாலும் அதில் போடவேண்டும். ஒரு மாதம் பார்ப்பது, அதுதான் பேச்சு.

டப்பா வைத்ததும் முதலாளிக்கு என் மேல் திடீரென்று ஒரு அக்கறை. “கொஞ்சம் சிரிச்ச மொகமா இரும்மா” என்பார். “அந்த டேபிளுக்கு இன்னொரு சட்னி வையி” என்பார். மூன்று வருடத்தில் ஒரு கரண்டி சட்னி கூட வைக்கச் சொல்லாத மனுசன்! பில் கட்ட வருகிறவர்களிடம், “சப்ளை எப்படி சார்? அந்தம்மா நல்லா கவனிச்சாங்களா?” என்று தூண்டில் போடுவார். நல்லா கவனிச்சாங்க என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். டப்பா வெறும் டப்பாவாகவே இருக்கும். நான் சப்ளை செய்துகொண்டே ஓரக்கண்ணால் பார்ப்பேன், எனக்கு உள்ளுக்குள் தீபாவளி.

ஒரு நாள் பொறுக்கமுடியாமல் நேராகவே கேட்டுவிட்டார். தினம் மத்தியானம் வருகிற ஒரு ஆபீஸ்காரர், கண்ணாடி போட்டவர், அளந்து பேசுவார்.

“சார், தப்பா நெனச்சுக்காதீங்க. தெனம் சாப்பிடறீங்க, அந்தம்மாவுக்கு ஏதாச்சும் வச்சுட்டுப் போலாம்ல?”

“எப்படிங்க? ஒரு பொம்பளப் புள்ளைக்குப் போயி அஞ்சு பத்துன்னு குடுத்தா மரியாதையாவா இருக்கும்?”

“அது டிப்ஸு தானே சார்.”

“சரி, இருக்கட்டும். சாப்பாட்டுக்கு நூத்தி இருவது ரூபா ஒங்ககிட்ட குடுத்துட்டேன்ல? அந்தம்மாவுக்குச் சம்பளம் நீங்க குடுக்கணுமா, நான் குடுக்கணுமா?”

முதலாளி சோம்புக் கிண்ணத்தை நகர்த்தி வைத்தார். எனக்கு ஓடிப்போய் அந்த ஆபீஸ்காரருக்கு ஒரு பாயசம் ஊற்றலாம் போல இருந்தது. மரியாதைக்குரிய ஆள், கும்பிட்டு மட்டும் அனுப்பினேன். அவர் வழியிலேயே அவருக்குத் திருப்பிச் செய்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கூத்துக்கு நடுவில்தான் அதைப் பார்த்தேன்.

ஒரு நாள் பஸ் சீக்கிரமே கொண்டுவந்து விட்டுவிட்டது. ஓட்டலில் அடுப்பு மட்டும்தான் எரிந்துகொண்டிருந்தது. கை கழுவும் இடத்துக்குப் பின்னால் அண்ணன் நின்றிருந்தார். டிபன் பையிலிருந்து ஒரு கைக்குட்டை முடிச்சை எடுத்தார், அவிழ்த்தார். உள்ளே சில்லறை. ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், பஸ்ஸில் வாங்கமாட்டேன் என்று தகராறு செய்கிற பத்து ரூபாய்க் காசு இரண்டு. எல்லாவற்றையும் சட்டைப் பைக்குள் கொட்டினார். பையைத் தட்டிப் பார்த்தார். கலகல என்றது. அப்புறம் தலையை வாரிக்கொண்டு வெளியே போனார்.

நான் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் ஒதுங்கி நின்றேன். அன்றைக்குத்தான் அவர் டேபிள்களை ஒழுங்காகப் பார்த்தேன். சாப்பிடுகிறவர்கள் எல்லோர் கையிலும் போன். ஸ்கேன் பண்ணுகிறார்கள், எழுந்து போகிறார்கள். பாக்கியே வராத இடத்தில் பத்துப் பத்தாக எதை விரிப்பது? அண்ணன் சோம்புத் தட்டைக் கொண்டுபோவார், சோம்பு மட்டும் குறைந்து திரும்பி வரும். அவர் பையில் இருப்பதெல்லாம் என் காசு என்று இத்தனை நாள் வயிறெரிந்தேனே என்று எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் வெட்கக்கேடு, சொல்லாவிட்டால் மானக்கேடு என்பார்களே, அந்த மனுசர் அதை ஒவ்வொரு நாளும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறார்.

மாதக் கடைசி வந்தது. மத்தியானக் கூட்டம் வடிந்த பிறகு முதலாளி டப்பாவைக் கல்லாமேல் கவிழ்த்தார். நாங்கள் நாலைந்து பேர் சுற்றி நின்றோம். பத்து ரூபாய்த் தாள் மூன்று. பத்து ரூபாய்க் காசு இரண்டு. ஒரு ஐந்து ரூபாய், இரண்டு ஒரு ரூபாய். ஒரு சாக்லேட். அப்புறம் ஒரு துண்டுச் சீட்டு, அதில் ஒரு செல்போன் நம்பர்.

“இது என்னம்மா?”

“போன வாரம் எட்டாம் நம்பர் டேபிள்ல ஒருத்தன் பில்லு தட்டுல வச்சுட்டுப் போனான். டிப்ஸ் பூரா ஒங்களுக்குன்னுதான பேச்சு? நீங்களே வச்சுக்குங்க.”

அடுப்படியிலிருந்து மாஸ்டர் சிரித்த சிரிப்பில் எண்ணெய்ச் சட்டியே ஆடியிருக்கும். முதலாளி முகம் வேப்பெண்ணெய் குடித்தது போல ஆகிவிட்டது. சீட்டைச் சுக்குநூறாகக் கிழித்துப் போட்டார். “எட்டாம் நம்பரா? அடுத்தவாட்டி வந்தான்னா எங்கிட்டச் சொல்லு” என்றார். அந்த நேரத்தில் அவரை எனக்கு நிஜமாகவே பிடித்தது.

ஆக மொத்தம் ஐம்பத்தேழு ரூபாய். அதற்கு அவர் கொடுத்திருப்பது ஆயிரத்து முந்நூறு. எண்ணி முடித்து, தாளை ஒழுங்காக அடுக்கி, என்னைப் பார்த்தார்.

“சரிம்மா. ஒனக்கு வரல. நான் ஒத்துக்கறேன். நானூத்தி அம்பதே நிக்கட்டும்.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெங்காயம் உரிக்காமல் அந்த ஓட்டலில் எனக்குக் கண் கலங்கியது அதுதான் முதல் தடவை. வேன் வாசலில் வந்து ஹாரன் அடிக்கும், என் மகள் பூட்டைப் போட்டுவிட்டு ஏறுவாள், அவ்வளவுதான் மனதில் ஓடியது. சாக்லேட்டை எடுத்து மகளுக்கென்று முந்தானையில் முடிந்துகொண்டேன். முதலாளி அதற்கு ஒன்றும் சொல்லவில்லை.

சும்மா இருந்திருக்கலாம் அவர். தோற்றவருக்கு ஏதாவது ஒரு இடத்தில் ஜெயிக்கவேண்டும் போலிருக்கிறது. அண்ணனைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

“லேடீஸுக்கு வரமாட்டேங்குது, என்ன பண்றது. அண்ணனுக்கு இந்தக் கவலையே இல்ல. டிப்ஸ் கொட்டுது. என்னண்ணே?”

எல்லோரும் அண்ணனைப் பார்த்தார்கள். நான் பார்க்கவில்லை. என்னால் முடியவில்லை. அவர் வழக்கம்போலப் பையைத் தட்டிச் சிரித்துவிடுவார், பேச்சு அதோடு முடியும், அவர் சம்பளம் நானூறாகவே நிற்கும் என்று நினைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றேன்.

“மொதலாளி,” என்றார் அண்ணன். தோசை வகைகளை ஒரே மூச்சில் சொல்கிற குரல், அன்றைக்கு அந்த ஒரு சொல்லோடு நின்றது. அப்புறம், “எனக்கும் ஒரு டப்பா வைங்க” என்றார்.

முதலாளி முதலில் விளையாட்டு என்று நினைத்துக்கொண்டார். “ஒங்களுக்கெதுக்குண்ணே டப்பா, பீரோ வாங்கணும்” என்றார்.

“இல்ல மொதலாளி. இந்த ஸ்கேனிங் வந்ததுலேர்ந்து எனக்கும் வரல. நேத்து பூராவும் நாலு ரூவா. முந்தாநாள் அதுவும் இல்ல. வைங்க, ஒரு மாசம் நீங்களே பாருங்க.”

யாரும் சிரிக்கவில்லை. முதலாளி கல்லாமேல் இருந்த ஸ்கேன் அட்டையைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து யாரோ பார்சலுக்குக் காசு போட்டார்கள், ஸ்பீக்கர் பெட்டி “எண்பது ரூபாய் பெறப்பட்டது” என்று சந்தோஷமாகக் கத்தியது. முதலாளி அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டினார்.

டப்பா வைக்கவில்லை. இரண்டு நாள் யாரிடமும் பேசாமல் கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் விலைப்பலகையில் காபிக்கு இரண்டு ரூபாயும் தோசைக்கு ஐந்து ரூபாயும் ஏறியது. உள்ளே வெளியே என்று இல்லாமல் எல்லோருக்கும் நானூற்று ஐம்பது என்று சொல்லிவிட்டு, அதை ஏதோ முதலிலேயே தன் மனதில் இருந்த யோசனை போலவும் காட்டிக்கொண்டார். காட்டிக்கொள்ளட்டும், நமக்கென்ன போயிற்று? ஊரே கொந்தளிக்கும் என்று பயந்தார். ஒருவரும் கொந்தளிக்கவில்லை. இரண்டு மோதிரம் போட்ட அந்த அரியலூர் லாரிக்காரர் மட்டும் டபராவை ஆற்றிக்கொண்டே, “என்னங்கம்மா, காபி ரெண்டு ரூவா ஏறிடுச்சு?” என்றார். “எங்க சம்பளமும் ஏறிடுச்சுங்க” என்றேன். “அப்பச் சரி” என்று கும்பிட்டுவிட்டுப் போனார். அந்தக் கும்பிடு எனக்கு உறுத்தவில்லை.

அடுத்த மாதச் சம்பளம் வாங்கிய சாயங்காலம், பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அண்ணனும் நானும் சேர்ந்து நடந்தோம். அவர் துறைமங்கலம் பக்கம் போகிறவர். கவர் சட்டைப் பைக்குள் தடிப்பாகத் தெரிந்தது. எனக்கு ஒரே குஷி. வேன் காசைத் தனியாக எடுத்து மடித்து வைத்தாயிற்று. அண்ணனைச் சீண்டாமல் இருக்க முடியவில்லை.

“என்னண்ணே, ஆயிரத்து முந்நூறு கூட வந்துருக்கு. அண்ணிக்கு அல்வா வாங்கிட்டுப் போங்க. சம்பளம் ஏறிடுச்சுன்னு சொல்லி வாயில ஊட்டி வுடுங்க.”

சிரித்தார். அல்வாக் கடையில் நின்று கால் கிலோ வாங்கவும் செய்தார். பொட்டலத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டே, “டிப்ஸு கூட வந்துச்சுன்னுதான் தங்கச்சி சொல்லப்போறேன்” என்றார்.

“அது எதுக்குண்ணே? நீங்க கேட்டு வாங்கின சம்பளம்ல?”

“அதான். கேட்டேன், குடுத்துட்டாங்கன்னு சொன்னா, அப்ப இத்தன வருசமா வாயத் தொறந்து ஏன் கேக்கலன்னு கேப்பா. அதுக்கு நான் என்ன சொல்லுவேன்?”

என் பஸ் வந்து நின்றது, கிளம்பியும் போனது. எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிற வாய் என்னுடையது. அன்றைக்கு, “டிப்ஸுன்னே சொல்லுங்கண்ணே” என்று மட்டும் சொன்னது.